தலைச்சுற்றல் நீடித்தால்: உள்காதுக் கோளாறை இனம்கண்டு சரிசெய்வது எப்படி

"தலை சுத்துது" என்று போனால் நம் பக்கம் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று கிடைக்கும்: பித்தம், பிபி, கழுத்து எலும்பு தேய்மானம். கூடவே ஒரு மாத்திரைச் சீட்டு. மாத்திரை தீரும்வரை கொஞ்சம் அடங்கும், பிறகு திரும்ப வரும், திரும்ப அதே மாத்திரை. இப்படி வருஷக்கணக்கில் அலைகிறவர்களில் பலருக்குக் கோளாறு இருப்பது உள்காதில். அதிலும் மிகச் சாதாரணமாக வரும் வகைக்கு மாத்திரையே வேண்டாம். தலையைச் சரியான வரிசையில் நாலு நிலைகளில் திருப்பிப் படுத்து எழுந்தால் சரியாகும். வேறு சில வகைகளுக்குத் தினசரி பயிற்சிதான் மருந்து, மாத்திரை அதைக் கெடுக்கும். ஆகவே எந்த வகை என்று பிரித்தறிவதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

கடிகாரத்தைப் பாருங்கள்

அறையே சுழல்வது, கண்ணைக் கட்டிக்கொண்டு வருவது, கால் தரையில் பாவாமல் மிதப்பது, நடக்கும்போது ஒரு பக்கமாக இழுப்பது எல்லாவற்றையும் தலைச்சுற்றல் என்றே சொல்கிறோம். டாக்டரும் "எப்படிச் சுத்துது?" என்றுதான் கேட்பார். அதைவிடப் பயன்படும் கேள்விகள் இரண்டு: எவ்வளவு நேரம் நீடிக்கிறது? எதைச் செய்தால் வருகிறது?

படுக்கையில் புரளும்போது, அண்ணாந்து பரணில் எதையாவது எடுக்கும்போது, குனிந்து நிமிரும்போது வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், காதுக்குள் துகள் இடம் மாறியிருக்கிறது. மருத்துவர்கள் பி.பி.பி.வி. என்பது இதைத்தான். எழுந்து நிற்கும்போது மட்டும் வந்து, படுத்துப் புரளும்போது வரவே வராவிட்டால், ரத்த அழுத்தத்தைச் சந்தேகியுங்கள். 5 நிமிடம் படுத்திருந்து ஒரு முறை அளவு எடுங்கள். எழுந்து நின்று 1-ஆம் நிமிடத்திலும் 3-ஆம் நிமிடத்திலும் மறுபடி எடுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் காரணம் அங்கே இருக்கிறது. பிபி மாத்திரையோ புராஸ்டேட் மாத்திரையோ கூடிப்போயிருக்கலாம்.

20 நிமிடம் முதல் 12 மணி நேரம்வரை சுற்றி, கூடவே ஒரு காது அடைத்து இரைந்து மந்தமானால் அது மெனியர் நோயாக இருக்கலாம். 5 நிமிடத்திலிருந்து 3 நாள்வரை எப்படி வேண்டுமானாலும் நீடித்து, வெளிச்சமும் சத்தமும் சகிக்காமல் இருட்டறையில் படுக்கத் தோன்றினால் ஒற்றைத் தலைவலி வகை. ஒரு நாள் திடீரென ஆரம்பித்து, இரண்டு மூன்று நாள் விடாமல் சுழற்றிப் போட்டுவிட்டு மெல்லக் குறைந்தால் சமநிலை நரம்பின் அழற்சி. அழற்சி ஆறியும் தள்ளாட்டம் மிச்சமிருப்பவர்கள் நிறையப் பேர். மூன்று மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில், நின்றால் நடந்தால் மிதப்பது போலவே இருந்தால் அது இன்னொரு வகை. அதற்குக் கீழே தனியாக இடம் கொடுத்திருக்கிறோம்.

இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது, எத்தனை நிமிடம், காதில் இரைச்சல் உண்டா, தலைவலி உண்டா, முந்தைய இரவு தூங்கினீர்களா. காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ இந்த ஒரு பக்கம் ஸ்கேன் படத்தைவிட அதிகம் சொல்லும்.

கழுத்து எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை. 50 வயது தாண்டிய பலருக்கும் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அது தெரிவதாலேயே தலைச்சுற்றலுக்கு அதுதான் காரணம் என்று ஆகாது. கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு தலையை அசைக்காமல் இருந்தால், உள்காதுக் கோளாறு ஆறுவது தாமதமாகும்.

இந்த அறிகுறிகள் இருந்தால் வீட்டில் எதையும் முயலாதீர்கள்

சுற்றலோடு பேச்சு குழறுதல், முகம் கோணுதல், இரட்டைப் பார்வை, ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், இதுவரை அறியாத கடுமையான தலைவலி அல்லது கழுத்துவலி, பிடிமானமின்றி நிற்கவோ உட்காரவோ முடியாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் பக்கவாதம் என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. ஆரம்ப மணிகளில் எடுத்த சி.டி. ஸ்கேன் "நார்மல்" என்று வந்தாலும் சிறுமூளைப் பக்கவாதம் இல்லை என்று ஆகிவிடாது, அந்த ஸ்கேனில் அது தப்பிவிடுவது உண்டு. உட்கார முடியவில்லை என்றால் அதை வாய்விட்டுச் சொல்லி, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே காது திடீரென மந்தமானால் அன்றைக்கே காது மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாட்களில் கொடுத்தால்தான் கேட்கும் திறன் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. சளி அடைப்பு என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இரண்டு வாரம் போக்கிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு வேகிறது.

துகள் எப்படித் தலையைச் சுற்ற வைக்கிறது

ஒவ்வொரு உள்காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே திரவம். தலை திரும்பினால் திரவம் பின்தங்கும், அந்த இழுப்பை உணர்ந்து மூளை "திரும்புகிறோம்" என்று அறியும். குழாய்களின் அடியில் உள்ள சிறு பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் பசை போன்ற படலத்தில் ஒட்டியிருக்கின்றன. புவியீர்ப்பை உணர்வது அந்தப் பகுதியின் வேலை. வயதாலோ, தலையில் பட்ட அடியாலோ, நீண்ட நாள் படுக்கையாலோ துகள் சில உதிர்ந்து குழாய்க்குள் போய்விடும். பின்புறக் குழாய்தான் தாழ்வாகத் தொங்குகிறது என்பதால் பெரும்பாலும் அதில்தான் விழும். நீங்கள் புரண்டு படுத்ததும் துகள் குழாய்க்குள் சரிந்து திரவத்தை இழுக்கிறது. தலை அசையாமல் இருந்தும் மூளைக்குச் சுழல்வதாகத் தகவல் போகிறது. துகள் அடியில் போய் நின்றதும் சுற்றல் நிற்கிறது. ஒரு நிமிடத்துக்குள் அடங்குவது இதனால்தான். மாத்திரை அந்தத் துகளை நகர்த்தாது.

எந்தக் காது என்று கண்டறிதல்

டிக்ஸ், ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் 1952-இல் விவரித்த சோதனைதான் இன்றும் நடப்பில் இருக்கிறது. கெட்டியான கட்டில், அல்லது தரையில் விரித்த மெத்தை வேண்டும். கயிற்றுக் கட்டிலில் உடல் தொய்ந்துவிடும், தலை பின்னால் சாயாது. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர், எட்டும் தூரத்தில் ஒரு பாத்திரம்.

காலை நீட்டி உட்காருங்கள். படுத்தால் தோளுக்கு அடியில் வரும்படி ஒரு தலையணையைப் பின்னால் வையுங்கள். சந்தேகம் குறைவான பக்கத்தை முதலில் பாருங்கள். தலையை அந்தப் பக்கம் 45 பாகை திருப்பி, அதே திருப்பத்தோடு சட்டென்று மல்லாந்து சாயுங்கள். பின்னந்தலை மெத்தையைத் தொட்டு, தலை உடலைவிடச் சுமார் 20 பாகை தாழ்ந்திருக்க வேண்டும். கண்ணை மூடாதீர்கள். சில நொடி ஒன்றும் இருக்காது, பிறகு சுற்றல் கிளம்பும், அரை நிமிடம்போல் நீடித்து ஓயும். எந்தக் காது கீழே இருக்கும்போது இப்படி வருகிறதோ அந்தக் காதில்தான் துகள்.

பக்கத்தில் இருப்பவர் அந்த நேரத்தில் செல்போனைக் கண்ணருகே பிடித்து வீடியோ எடுக்கட்டும். இரண்டு கருவிழிகளும் மேல் நோக்கி வெட்டி வெட்டித் துடிக்கும். கூடவே, கருவிழியின் மேல்முனை கீழே இருக்கும் காதை நோக்கி உருளும். வெள்ளை விழியில் ஓடும் சிவப்பு நரம்பு ஒன்றைக் குறிவைத்துப் பார்த்தால் அந்த உருளல் தெளிவாகத் தெரியும். இந்த வீடியோ டாக்டருக்குப் பெரிய துப்பு. கண் நேராகக் கீழ் நோக்கி வெட்டி, ஓயாமல் அப்படியே இருந்தால் காதுத் துகள் என்று நினைக்காதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

கழுத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், கழுத்து மூட்டுவாதம் கடுமையாக உள்ளவர்கள், விழித்திரை பிரிந்து சிகிச்சை பெற்றவர்கள், அண்மையில் பக்கவாதம் வந்தவர்கள் இதையும் அடுத்ததையும் மருத்துவர் கையால்தான் செய்துகொள்ள வேண்டும்.

எப்ளி முறை: வலது காதுக்கு

ஜான் எப்ளி என்ற அமெரிக்கக் காது மருத்துவர் 1992-இல் வெளியிட்ட முறை. துகளைக் குழாய் வழியாகவே சுற்றிக் கொண்டுவந்து, அது கிளம்பிய பைக்குள் திரும்ப விழவைப்பதுதான் நோக்கம். இடது காதுக்கு வலம் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. காலை நீட்டி உட்கார்ந்து தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்புங்கள். மூக்கு நேர்முன்னுக்கும் வலது தோளுக்கும் நடுவே இருக்கும்.
2. அப்படியே வேகமாக மல்லாந்து சாயுங்கள். தலையணை தோளுக்கு அடியில், தலை பின்னால் சாய்ந்து. சுற்றல் வரும், வரட்டும். அது நின்ற பிறகு இன்னும் 30 நொடி. மொத்தம் ஒரு நிமிடத்துக்குக் குறையக் கூடாது.
3. தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 பாகை திருப்புங்கள். இப்போது மூக்கு இடது தோள் பக்கம். ஒரு நிமிடம்.
4. உடலை இடப்பக்கம் ஒருக்களித்து, தலையை மேலும் 90 பாகை திருப்புங்கள். மூக்கு தரையைப் பார்க்க வேண்டும். இன்னும் ஒரு நிமிடம்.
5. தாடையை நெஞ்சோடு ஒட்டியபடி, காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி, அந்தப் பக்கமாகவே எழுந்து உட்காருங்கள்.

எழுந்ததும் நிற்காதீர்கள். துகள் பைக்குள் விழும் கணத்தில் யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் ஒரு உலுக்கல் வரலாம். இரண்டு நிமிடமாவது பிடித்தபடி உட்கார்ந்திருங்கள். ஒரு நாளில் மூன்று முறை செய்யலாம். 24 மணி நேரம் புரண்டாலும் சுற்றல் வராத நாள்வரை தொடருங்கள்.

பலிக்காமல் போவதற்கு முதல் காரணம் காது மாறிப்போவது. அடுத்தது மூன்றாம் படியில் தலையை மேலே தூக்கித் திருப்புவது. தூக்கினால் துகள் வந்த வழியே பின்வாங்கிவிடும். நாலாம் படியில் மூக்கு சுவரைப் பார்த்தால் போதும் என்று நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. தரையைப் பார்க்காவிட்டால் துகள் கடைசி வளைவைத் தாண்டாது. சுற்றல் பயத்தில் பத்து நொடியிலேயே அடுத்த நிலைக்கு ஓடுவது இன்னொரு தவறு.

செய்தபின் இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டும், ஒரே பக்கம்தான் படுக்க வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். தேவையில்லை என்று இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. வழக்கம்போல் படுங்கள். சுழற்றல் போனாலும் லேசான மிதப்பு சில நாள், சிலருக்குச் சில வாரம் இருக்கும். நடந்தால் சீக்கிரம் போகும்.

முறை செய்தபின் சுற்றலின் தன்மை மாறி, மல்லாந்து படுத்து இரு பக்கம் திரும்பினாலும் பலமாகச் சுற்றினால், துகள் கிடைமட்டக் குழாய்க்குள் போயிருக்கும். அதற்கு எப்ளி உதவாது. பொதுவாக எந்தப் பக்கம் திரும்பும்போது அதிகம் சுற்றுகிறதோ அந்தக் காதுதான் கோளாறானது. அன்றிரவு எதிர்ப்பக்கம், அதாவது நல்ல காது கீழே இருக்கும்படி, ஒருக்களித்தே படுத்திருங்கள். பலருக்குக் காலையில் துகள் வெளியேறியிருக்கும். இரண்டு இரவில் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

இது திரும்பத் திரும்ப வரக்கூடியது. அடிக்கடி வந்தால் ரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தினமும் இருவேளை 400 யூனிட் வைட்டமின் டியும் 500 மில்லிகிராம் கால்சியமும் ஓராண்டு கொடுத்தபோது திரும்ப வருவது குறைந்தது என்று 2020-இல் வெளியான கொரிய ஆய்வு காட்டியது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் கேட்காமல் தொடங்கக் கூடாது.

நரம்பு அழற்சிக்குப் பின் மிச்சமிருக்கும் தள்ளாட்டம்

ஒரு பக்க நரம்பு பலவீனமானால் இரு காதுகளின் தகவலும் ஒத்துப்போகாது. மூளை அந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொண்டு ஈடுகட்டும். ஆனால் தலையை அசைத்தால்தான் கற்கும். அசையாமல் படுத்துக் கிடந்தால் கற்காது. 1940-களில் தலைக் காயம் பட்டவர்களுக்காகக் காதார்ன், குக்ஸி என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் பயிற்சிகளை வகுத்தது இந்த அடிப்படையில்தான்.

ஒரு சின்ன அட்டையில் அரை அங்குல உயரத்துக்கு "அ" என்று எழுதி, கண் மட்டத்தில் சுவரில் ஒட்டுங்கள். ஒரு கை நீளத் தூரத்தில் உட்கார்ந்து, எழுத்தையே பார்த்தபடி, "இல்லை" என்று சொல்வதுபோல் தலையை இரு பக்கமும் சின்னதாக ஆட்டுங்கள். எழுத்து மங்கத் தொடங்கும் வேகத்துக்கு ஒரு படி கீழே உங்கள் வேகம் இருக்கட்டும். ஒரு நிமிடம் ஆட்டி, சற்று ஓய்ந்து, "ஆமாம்" என்பதுபோல் மேலும் கீழும் ஒரு நிமிடம். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு நாளில் குறைந்தது மூன்று முறை, மொத்தம் 12 நிமிடம். மாதக்கணக்காக இருப்பவர்களுக்கு மூன்று முதல் ஐந்து முறை, மொத்தம் 20 நிமிடம், நாலு முதல் ஆறு வாரம்.

எளிதானதும் நின்றுகொண்டு செய்யுங்கள். பிறகு காலை ஒட்டி வைத்து. பிறகு தலையணைமேல் நின்று. கடைசியில் கொடியில் தொங்கும் கட்டம் போட்ட லுங்கியில் அட்டையைக் குத்தி வைத்து. பின்னணியில் கட்டங்கள் ஓடும்போதும் எழுத்தைப் பிடித்து நிறுத்தக் கற்பதுதான் கடைவீதிக்குப் போகும் தயாரிப்பு.

சமநிலைக்கு, அறையின் மூலையில் சுவருக்கு முதுகைக் காட்டி, எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு நில்லுங்கள். கால்களை ஒட்டி 30 நொடி கண் திறந்து, 30 நொடி கண் மூடி. அது பழகியதும் ஒரு பாதத்தின் முன் மறு பாதம் வைத்து. பிறகு தாழ்வாரத்தில் நடந்தபடி மூன்று காலடிக்கு ஒரு முறை தலையை வலமும் இடமும் திருப்பி.

பயிற்சி கொஞ்சம் கிறுகிறுப்பைக் கிளப்ப வேண்டும். பத்துக்கு இரண்டு மூன்று புள்ளி கூடி, 20 நிமிடத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கினால் அளவு சரி. மணிக்கணக்கில் நீடித்தால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். துளியும் வராவிட்டால் வேகம் போதாது. மூன்றாம் நாள் "கூடிவிட்டது" என்று நிறுத்திவிடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு.

மூன்று மாதம் தாண்டிய மிதப்பு

தலைச்சுற்றல் நோய்களை ஆராயும் சர்வதேச மருத்துவ அமைப்பான பாரனி சங்கம் 2017-இல் இதற்கு வரையறை வகுத்தது. பி.பி.பி.டி. என்பார்கள். துகளோ அழற்சியோ ஒற்றைத் தலைவலியோ ஒரு முறை தாக்கிவிட்டுப் போயிருக்கும். காது ஆறிய பிறகும் மூளை எச்சரிக்கையிலேயே இருந்து, காதை நம்பாமல் கண்ணையே நம்பும். அதனால்தான் அடுக்கடுக்காகச் சேலை பரப்பிய துணிக்கடை, சூப்பர்மார்க்கெட் வரிசை, ஓடும் பேருந்தின் ஜன்னல், செல்போனை வேகமாக நகர்த்துவது எல்லாம் தள்ளாட வைக்கும். எடுத்த சோதனைகள் பெரும்பாலும் நார்மலாக வரும். "உனக்கு ஒன்றுமில்லை, மனசுதான்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அது தவறு. இது உண்மையான நோய், சிகிச்சையும் இருக்கிறது.

மேலே சொன்ன பயிற்சிகளையே பாதி அளவில் தொடங்குங்கள். கடைக்குக் கூட்டமில்லாத காலை வேளையில் போய் 5 நிமிடம் நில்லுங்கள், அடுத்த வாரம் 10. விழாத நிலையிலும் சுவரையும் பக்கத்தில் வருபவர் தோளையும் பிடித்து நடக்கும் பழக்கத்தை மெல்ல விடுங்கள். பிடிக்கப் பிடிக்க மூளை காதை நம்ப மறுக்கும். செர்ட்ராலின் போன்ற மருந்தும் மன நடத்தைப் பயிற்சியும் பலருக்கு உதவுகின்றன. மருந்து மனநோய்க்கானது என்று தயங்க வேண்டாம். மாதங்கள் பிடிக்கும், ஆனால் நகரும்.

மெனியரும் ஒற்றைத் தலைவலியும்

மெனியரை உறுதிசெய்யக் கேட்பு வரைபடம் (ஆடியோகிராம்) வேண்டும். தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் குறையும். உப்பைக் குறைக்கச் சொல்வதற்கு வலுவான ஆதாரம் இல்லை, ஆனால் தீங்கும் இல்லை. ஒரு டீஸ்பூன் உப்பில் சுமார் 2300 மில்லிகிராம் சோடியம். சமையலில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாயைத் தொடர்ந்தால் பயனில்லை. மெனியருக்கு வழக்கமாக எழுதித் தரும் பீட்டாஹிஸ்டின் மாத்திரையை ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்த ஜெர்மன் ஆய்வு 2016-இல் வெளியானது. வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. அடங்காதவர்களுக்குச் செவிப்பறை வழியாக ஸ்டீராய்டு ஊசி உண்டு.

ஒற்றைத் தலைவலி வகையில் சுற்றலின்போது தலைவலியே இல்லாமலும் இருக்கலாம், அதனால்தான் தவறவிடுகிறார்கள். சின்ன வயதில் பேருந்தில் வாந்தி எடுத்தவர்கள், அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி இருந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். தூக்க நேரம், சாப்பாட்டு நேரம் தவறாமை முதல் மருந்து. விரதம் பலருக்குத் தூண்டுதல். மாதத்தில் பல முறை வந்தால் நரம்பியல் மருத்துவர் தடுப்பு மருந்து தருவார்.

மாத்திரைகள்

புரோகுளோர்பெரசின், சின்னாரிசின் போன்றவை கடுமையான சுற்றலின் முதல் இரண்டு மூன்று நாளுக்கு உரியவை. வாந்தியை அடக்கும், படுக்க விடும். அதற்குமேல் தொடர்ந்தால் மூளை கற்றுக்கொள்வதையும் சேர்த்து அடக்கிவிடும். மாதக்கணக்கில் சாப்பிடும் முதியவர்களுக்குக் கை நடுக்கம், காலை இழுத்து நடத்தல், முகம் இறுகுதல் வருவதுண்டு. பார்கின்சன் என்று அதற்கு வேறு மாத்திரை தொடங்கிவிடுவார்கள். வீட்டில் பெரியவருக்கு இப்படி இருந்தால், தலைச்சுற்றல் மாத்திரை எத்தனை மாதமாக ஓடுகிறது என்பதை முதலில் எண்ணுங்கள். மருத்துவரிடம் கேட்டுக் குறையுங்கள்.

ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக் ஊசிகள் சிலருக்கு இரு காதின் சமநிலையையும் ஒருசேர அழித்துவிடும். இவர்களுக்கு அறை சுழலாது. நடக்கும்போது கடைப் பலகை எழுத்து குதிக்கும், இருட்டில் தள்ளாடும். "அ" பயிற்சி இவர்களுக்கு ஒரு நாளில் 20 முதல் 40 நிமிடம்வரை, ஐந்திலிருந்து ஏழு வாரம் தேவைப்படும். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும், தலைமாட்டில் டார்ச் இருக்கட்டும். கிணற்றிலோ ஆற்றிலோ கடலிலோ தனியாக இறங்கக் கூடாது. தண்ணீருக்குள் கண்ணை மூடிய மறுநொடி மேல் எது, கீழ் எது என்று அவர்களுக்குத் தெரியாது.